உதடு ஒட்டாத செய்திகள்

ஜூன் 12, திங்கள்

இடது கன்னத்தை மட்டும் சவரம் செய்துகொண்டேன். வலது கன்னத்தை நாளை பார்த்துக்கொள்ளலாம். காபியை நன்றாக ஆறவைத்துக் குடித்தேன். கூடத்து மின்விசிறி சத்தம் போடுகிறது என்று சொல்லி நிறுத்தினேன். சத்தமே இல்லை என்கிறாள் பவளம். பார்வை போனவளிடம் சத்தத்தைப் பற்றிப் பொய் சொல்வது புத்திசாலித்தனம் அல்ல. அதுவும் ஈரோடு தொலைபேசி நிலையத்தில் பணிக்காலம் முழுவதும் காதில் கருவி மாட்டியிருந்தவளிடம்.

பிறகு செய்தித்தாள் வாசித்துக் காட்டினேன். கண் நீரழுத்தம் அவள் பார்வையைக் கொண்டுபோன நாளிலிருந்து எங்கள் காலை இப்படித்தான் தொடங்குகிறது. தலைப்பிலிருந்து இரங்கல் விளம்பரம் வரை. நடுவில் மஞ்சள் சந்தை நிலவரம் கட்டாயம். எங்களிடம் ஒரு விரல் மஞ்சள்கூடக் கிடையாது. ஆனால் அந்தக் காலத்தில் மஞ்சள் மண்டிக்காரர்களுக்கு மும்பைக்கு லைன் போட்டுக் கொடுத்தவள் அவள். அந்த உரிமை.

கன்னத்தில் சிறு தொந்தரவு. எழுதும் அளவுக்கு ஒன்றுமில்லை.

ஜூன் 14, புதன்

எழுதும் அளவுக்கு உண்டு போலிருக்கிறது. வலது கடைவாயிலிருந்து கண்ணுக்குக் கீழே வரை ஒரு மின்கம்பியை இழுத்ததுபோல் வருகிறது. இரண்டு வினாடி இருக்கும். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் முகம் என்னிடம் திரும்பி வந்துவிடுகிறது. காற்று பட்டால் வருகிறது. துண்டு பட்டால் வருகிறது.

பல் என்று நினைத்துப் போன மாதமே இரண்டு பற்களைப் பிடுங்கிக்கொண்டேன். பல் மருத்துவர் மேல் தவறில்லை, இடத்தைக் காட்டியவன் நான். பிறகுதான் நரம்பு மருத்துவர், இது பல்லே இல்லை, முக நரம்பு வலி என்றார். அவர் தந்த மாத்திரை வலியில் பாதியையும் நடையில் முக்கால் பங்கையும் எடுத்துக்கொள்கிறது. நேற்று வாசற்படியில் தடுமாறினேன்.

பவளத்திடம் பல்வலி என்றே சொல்லியிருக்கிறேன். உண்மையைச் சொன்னால் வாசிக்க விடமாட்டாள்.

ஜூன் 17, சனி

இன்று ஒரு கண்டுபிடிப்பு. அப்படிச் சொல்லலாமா என்று தெரியவில்லை. வாய் திறப்பதால் வலி வருவதில்லை. உதடு உதட்டைத் தொடும்போதுதான் வருகிறது. அதாவது ப, ம. கீழுதடு மேற்பல்லைத் தொடும் வ. மற்ற எழுத்துகள் என்னை ஒன்றும் செய்வதில்லை.

இந்த மூன்றும் இல்லாமல் பேச முடியுமா? முடியும் என்றுதான் கல்லூரியில் ஆண்டுதோறும் சொல்லிக்கொடுத்தேன். நிரோட்டகம்: உதடு ஒட்டாமல் பாடும் செய்யுள். புலவர்கள் வித்தை காட்டுவதற்காகச் செய்தது. உதடு குவியும் உகர ஒகரங்களும் கூடாது என்பது கறாரான விதி. என் கன்னம் அவ்வளவு கறார் இல்லை.

விதியைக் கரும்பலகையில் எழுதிப்போட்டேனே தவிர, நான் ஒரு வரிகூட இயற்றியதில்லை. மாணவர்கள் பாடிக்காட்டச் சொன்னால், மணி அடிக்கும்வரை விதியையே விளக்குவேன்.

ஜூன் 21, புதன்

ஐந்து நாட்களாகச் செய்தித்தாளை நிரோட்டகத்தில் வாசிக்கிறேன். கண் ஒரு வரி முன்னால் ஓட வேண்டும். அங்கே ப, ம, வ தெரிந்தால், நாக்கு போய்ச் சேர்வதற்குள் வேறு சொல் தயாராக வேண்டும். முதலமைச்சர் ‘கோட்டையில் ஆட்சி செய்கிற ஐயா’ ஆகிவிட்டார். பவானிசாகர் அணையின் நீர்மட்டத்தை, ‘நாங்கள் குடிக்கிற தண்ணீர் தேங்கி நிற்கிற அணையில் நீர் ஏறுகிறது’ என்று வாசித்தேன்.

எண்களில்தான் கஷ்டம். பத்தும் ஒன்பதும் என்னைக் கைவிட்டன. மஞ்சள் எந்த விலைக்குப் போனாலும் உதடு ஒட்டுகிறது. ஆகவே, ‘அந்தக் கிழங்கு நேற்று நின்ற இடத்திலேயே நிற்கிறது’ என்று சொல்லிவிடுகிறேன். இரங்கல் விளம்பரத்தில் பெயர்களை மாற்ற முடியாது. பெயரில் ப, ம, வ உள்ளவர்கள் யாரும் இந்த வாரம் ஈரோட்டில் இறக்கவில்லை.

பவளம் என்ற பெயரில் மூன்றில் மூன்றும் இருக்கின்றன. கண்ணு என்று கூப்பிடுகிறேன். முதல் நாள் சிரித்தாள். இப்போது சிரிப்பதில்லை.

முக்கால் மணி நேரம், ஒரு தடவைகூட உதடு ஒட்டவில்லை. பெருமைப்படுவது சரியா என்று தெரியவில்லை. பட்டுவிட்டேன்.

ஜூன் 25, ஞாயிறு

மகள் தேன்மொழி கோயம்புத்தூரிலிருந்து வந்தாள். வாசலில் நின்றபடியே, “என்னப்பா, ஒரு பக்கம் மட்டும் தாடி? புது பேஷனா?” என்றாள்.

“ரேசர் சரியில்லை கண்ணு.”

“ஒரு பக்கத்துக்கு மட்டுமா சரியில்ல?”

அம்மாவுக்கு ஒரு போன் வாங்கி வந்திருக்கிறாள். அது செய்தித்தாளைத் தானே வாசிக்குமாம். “அம்மா, இதுகிட்டச் சொன்னாப் போதும், முழுப் பேப்பரையும் படிச்சுரும். அப்பா எதுக்குத் தொண்டத்தண்ணி வத்தோணும்?”

“நல்லது” என்றேன். அந்தச் சொல்லில் உதடு ஒட்டாது.

ஜூன் 28, புதன்

போன் வாசித்தது. பிறகு நான் வாசித்தேன். பவளம் இரண்டையும் கேட்டாள். போன் ரூபாய் என்பதற்கு ‘ரூ புள்ளி’ என்கிறது. இதில் எனக்கு ஏன் இத்தனை மகிழ்ச்சி?

ஜூலை 3, திங்கள்

வாசித்து முடித்துத் தாளை மடித்தேன். பவளம் எழுந்திருக்க விடவில்லை.

“ஏனுங்க, மஞ்சள் இத்தன நாளா ஒரே எடத்துலயா நிக்குது? அதென்ன தந்திக் கம்பமா?”

மடித்த தாளை இன்னொரு மடிப்பு மடித்தேன்.

“போனு சொல்லுது, தெனமும் ஏறுதாமா. போனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. அப்பறம் யாரு பொய் சொல்றது?”

“கண்ணு, அது…”

“அது கெடக்கட்டும். கண்ணு, கண்ணுன்னு ஊரு புள்ளைகளக் கூப்புடற மாதிரி கூப்புடறீங்க. எம்பேரு மறந்து போச்சா? நாங்க குடிக்கிற தண்ணின்னு படிக்கறீங்க. நாங்கன்னா யாருங்க? அந்தத் தண்ணிய நானுந்தானே குடிக்கறேன்? என்னெய எங்க உட்டுட்டீங்க?”

அப்போதுதான் புரிந்தது. நாம் என்பதில் ம இருக்கிறது. நாங்கள் என்பதில் இல்லை. நான் எழுத்தைத்தான் தவிர்த்தேன். அவள் காதில் அவளே தவிர்க்கப்பட்டிருக்கிறாள், தினமும், முக்கால் மணி நேரம். தமிழ் சொல்லிக்கொடுத்தவனுக்கு இது தோன்றவில்லை.

“தேனு ஊட்டோட போயிரலாம்னு இருக்கறீங்களா? கண்ணு தெரியாதவள எத்தன நாளைக்கித்தான் பாக்கறதுன்னு தோணீருச்சா? போறதுன்னா சொல்லீட்டுப் போங்க.” குரல் நிதானமாகத்தான் இருந்தது. லைன் கிடைக்காதவர்களிடம் பேசும் குரல்.

இரண்டு மாதமாக என் வலது கன்னத்தை யாரும் தொட விட்டதில்லை. அவள் கையை எடுத்து அதன் மேல் வைத்தேன். பிறகு அவள் பெயரைச் சொன்னேன்; உதடு ஒட்டிய ஒவ்வொரு எழுத்திலும் கன்னம் வெட்டி இழுத்தது.

அவ்வளவுதான் நான் செய்தது. மீதியை அவள் கை தெரிந்துகொண்டது.

ஜூலை 4, செவ்வாய்

காலையில் பவளம் சொன்னாள்: “ஏனுங்க, காத்து அடிக்குது, சன்னலைச் சாத்துங்க. டீ ஆறிருச்சு. இன்னிக்கிச் சேதி நாலே நாலு சொன்னாச் சரீங்க. கடைசியிலெ அந்தக் கெழங்கு எங்கெ நிக்குதுன்னு சொல்லிருங்க.”

சன்னலைச் சாத்தினேன். நான்கு செய்தி சொன்னேன். நாள் முழுவதும் ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. இப்போது இதை எழுதும்போதுதான் தெரிகிறது. எங்கள் வீட்டில் டீ போடுவதே இல்லை. காபி என்றால் உதடு ஒட்டும் என்று அதை டீ ஆக்கியிருக்கிறாள். மறுபடியும் படித்துப் பார்த்தேன். ப இல்லை, ம இல்லை, வ இல்லை.

வலி எனக்கு. அவள் எதற்கு உதட்டைத் திறந்தே வைத்திருக்க வேண்டும்?

ஜூலை 6, வியாழன்

சென்னை மருத்துவமனையில் நாள் வாங்கிவிட்டாள் தேன்மொழி. எனக்குப் பயமாக இருக்கிறது. அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

ஜூலை 11, செவ்வாய்

டாக்டர் ஜெசிந்தாவுக்கு என் மகளைவிட வயது குறைவு. முதல் கேள்வியே, “ஐயா, வலி பத்துக்கு எத்தனை இருக்கும்?”

“எட்டு.”

எழுதப் போனார். பவளம் தடுத்தாள். “டாக்டரம்மா, அத எழுதாதீங்க. அவரால ஒம்பதும் சொல்ல முடியாது, பத்தும் சொல்ல முடியாது. ரெண்டுலயும் ஒதடு ஒட்டும். அவரு எட்டுன்னா அதுதான் கடைசிப் படின்னு வெச்சுக்கோங்க.”

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். பவளத்துக்கு இடம் கிடைத்தால் போதும். “எங்க ஊட்டுக்காரரு இருக்காருங்களே, ஒதடே ஒட்டாம ஒரு முழுப் பேப்பரு படிப்பாருங்க. புலவருக பாட்டுல செஞ்சத இவரு மஞ்சள் சந்தையில செஞ்சாருங்க. முன்னாடியே எழுதி வெச்செல்லாம் இல்ல, நின்ன நெலையில!” நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காது மட்டும் தரையில் இல்லை.

டாக்டர் விளக்கியதை எழுதிவைக்கிறேன். மூளைத்தண்டிலிருந்து முக நரம்பு புறப்படும் இடத்தில் ஒரு ரத்தக்குழாய் உரசுகிறது. காதுக்குப் பின்னால் மண்டையைத் திறந்து அதைப் பிரித்து வைக்கலாம். என் வயதுக்கும் இதயத்துக்கும் அது வேண்டாம் என்றார். மற்றொரு வழி கதிர்வீச்சு. பெயரில்தான் கத்தி உண்டாம், காமா கத்தி. கீறல் கிடையாது, தையல் கிடையாது. தலையைச் சுற்றிலும் இருந்து இருநூறு மெல்லிய கதிர்கள் போகும். ஒவ்வொன்றும் மிகப் பலவீனமானது, போகிற வழியில் எதையும் பெரிதாகத் தொந்தரவு செய்யாது. எல்லாம் ஒரு மிளகளவு இடத்தில் சந்திக்கும். அங்கே மட்டும்தான் வேலை நடக்கும்.

எனக்கு அந்தக் கதிர்களைப் பிடித்துவிட்டது. தனியாக யாரையும் ஒன்றும் செய்யத் தெரியாதவை.

“ஆனா மறுநாளே சரியாகிடாது. வாரக்கணக்குல ஆகும். சிலருக்கு முழுசாப் போறதில்லை. கன்னம், உதடு கொஞ்சம் மரத்துப்போகலாம். யோசிச்சுச் சொல்லுங்க.”

“உதடு ஒட்டினா தெரிஞ்சுக்கலாங்களா?” என்று கேட்டேன்.

அவருக்குக் கேள்வி புரியவில்லை. பவளத்துக்குப் புரிந்தது. “அத நான் காதுல கேட்டுச் சொல்றேன், நீங்க ஒத்துக்குங்க” என்றாள்.

ஒத்துக்கொண்டேன்.

ஜூலை 20, வியாழன்

நடந்தது நடந்தபடி.

காலையில் நெற்றியில் இரண்டு, பின்தலையில் இரண்டு என மரத்துப்போக ஊசி போட்டு, ஓர் உலோகச் சட்டத்தை நான்கு திருகாணிகளால் தலையோடு இறுக்கினார்கள். முடியை எடுக்கவில்லை. வலி அதிகமில்லை, இறுக்கம்தான். தலை அணுவளவும் அசையக்கூடாது என்பதற்காக இந்தச் சட்டம். அதை வைத்தே மிளகளவு இடத்தை அளக்கிறார்கள்.

ஸ்கேன் முடிந்து காத்திருந்த அறையில் அதே சட்டத்தோடு இன்னொருவர் இருந்தார். திருச்செங்கோட்டுக்காரர், பெயர் அர்த்தநாரி. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் வைத்திருக்கிறார். காது நரம்பில் சிறு கட்டியாம். பவளத்தின் பேச்சைக் கேட்டதும், “அட, நம்மூருங்களா!” என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“வாத்தியாரய்யா, நானு ஆயிரம் அடிக்கு ஓட்டை போட்டும் பாதி எடத்துல பொகைதான் வருது. இவிங்க ஓட்டையே போடாம நேரா தண்ணிக்குப் போயிடறாங்கொ! இந்த மிசினு மட்டும் நம்மகிட்ட இருந்துச்சுன்னு வையுங்க…”

“தலையக் குடுக்க ஆளு வேணுமே” என்றாள் பவளம்.

“பூமி குடுக்குது, ஆளு குடுக்க மாட்டானுங்களா?” சிரித்துவிட்டு, சட்டம் ஆடுமோ என்று சட்டென நிறுத்திக்கொண்டார். பிறகு என்னைக் காட்டி மெதுவாகக் கேட்டார்: “அய்யா பேச மாட்டாருங்களா?”

பவளம் மறுபடியும் செய்தித்தாள் கதையை எடுத்தாள். இந்த முறை அதில் நான் இரங்கல் விளம்பரங்களைக்கூட ஒரு பெயர் விடாமல் படித்தவனாக இருந்தேன். திருத்த நினைத்தேன். திருத்தவில்லை.

சிகிச்சை அறைக்குப் போகும்வரை மூன்று இடங்களில் நிறுத்தி ஒரே கேள்வியைக் கேட்டார்கள். பெயர் என்ன, எந்தப் பக்கம். கையில் பட்டை இருந்தாலும் நோயாளி வாயால் சொல்ல வேண்டுமாம், ஆள் மாறிவிடக்கூடாது. என் பெயர் சென்னியப்பன். பக்கம் வலது. இடது பக்கத்தில் வந்திருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

முதல் இடத்திலேயே செவிலிப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “கஷ்டமா இருந்தா எழுதிக் காட்டுங்க தாத்தா, பரவாயில்லை” என்றாள். சட்டைப் பையில் பேனா இருந்தது.

“சென்னியப்பன். வலது” என்றேன்.

இரண்டாம் இடத்திலும் சொன்னேன். மூன்றாம் இடத்தில் சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏன் எழுதவில்லை என்று இப்போதும் தெரியவில்லை.

உள்ளே சட்டத்தைப் படுக்கையோடு பூட்டினார்கள். கதவு மூடியது. இயந்திரம் சத்தமே போடவில்லை. கதிர் வருகிறதா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. இவ்வளவு அமைதியான ஒன்றிடம் பயப்படுவது எப்படி என்று எனக்குப் பழக்கமில்லை. ஆனாலும் பயந்தேன்.

அப்போது தலைமாட்டில் ஒலிபெருக்கி கரகரத்தது. வெளியே கட்டுப்பாட்டு அறையில் ஊழியரின் மைக்கைப் பவளம் வாங்கியிருக்கிறாள்.

“ஹலோ. பேசறது கேக்குதுங்களா?”

“கேக்குது.”

“லைன்லயே இருங்க. கட் பண்ணீராதீங்க.”

“லைன்லதான் இருக்கேன்” என்றேன்.

ஆகஸ்ட் 3, வியாழன்

ஆடிப் பெருக்கு. இரண்டு வாரம் ஆகிவிட்டது, வலி அப்படியே இருக்கிறது. இன்று மூன்று கவளம் தயிர்ச்சாதம்தான் இறங்கியது. தேன்மொழி போனில் கேட்டதற்கு, “நல்லா இருக்கேன் கண்ணு” என்றேன்.

கதிர்கள் சந்திக்காமலே போய்விட்டனவோ. அர்த்தநாரிக்கு நல்ல குணம் என்று செய்தி வந்தது. சந்தோஷம்தான்.

பவளம் இன்றும் காபியை டீ என்றாள்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

பவளம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். என்னை அறியாமல் ‘ம்’ கொட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. தற்செயலாக இருக்கும்.

ஆகஸ்ட் 14, திங்கள்

ம். ம். ம்.

மூன்றாவதில் வந்தது. ஆனால் இழுப்பு குறைவு. மின்கம்பி இல்லை, நூல்.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

மூன்று நாட்களாக ஒன்றும் இல்லை. யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் திரும்பி வந்துவிடுமோ என்று. வலது கன்னத்தைச் சவரம் செய்தேன். முடி இவ்வளவு நரைத்துவிட்டதா?

நான் சவரம் செய்த சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பவளம் சமையலறையிலிருந்து, “காபி ஆறிருச்சு” என்றாள். காபி.

செப்டம்பர் 5, செவ்வாய்

மாத்திரையைப் பாதியாகக் குறைத்து ஒரு வாரம் ஆகிறது. நடை திரும்பிவிட்டது. மேலுதட்டின் வலது ஓரம் மட்டும் மரத்திருக்கிறது. காபி வழிந்தால் சட்டை நனைந்த பிறகுதான் தெரிகிறது.

டாக்டர் ஜெசிந்தா அழைத்தார். “ஐயா, இப்ப வலி பத்துக்கு எத்தனை?”

“பூச்சியம்” என்றேன்.

“அந்தச் சொல்லை நீங்க சொன்னதே போதும் ஐயா” என்றார். எழுத்தைக் கவனித்திருக்கிறார். நல்ல மாணவி.

செப்டம்பர் 11, திங்கள்

இன்று மாற்றம் எதுவும் இல்லாமல், அச்சில் உள்ளது உள்ளபடி வாசிக்க முடிவு செய்தேன். மின்விசிறியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பவளம் போனை அணைத்துத் தள்ளி வைத்தாள்.

முதலமைச்சரை முதலமைச்சர் என்றேன். விபத்தை விபத்து என்றேன். மஞ்சள், விரலி ரகம், கிழங்கு ரகம் என்று பிரித்துப் பிரித்து விலை வாசித்தேன். “அடேங்கப்பா, நடந்திருக்குதே!” என்றாள். இரங்கல் விளம்பரத்தில் வெள்ளையம்மாள், பெரியசாமி, மயிலாத்தாள் மூவரையும் முறையாக அனுப்பி வைத்தேன்.

ஆனால் மனத்தில் ஒரு சந்தேகம். உதட்டோரம் மரத்திருப்பதால் ஒட்டுகிறதா இல்லையா என்று எனக்கே தெரிவதில்லை. ஒட்டியதாக நினைத்துக்கொண்டு குளறுகிறேனோ என்னவோ. வேறு எந்தச் சொல் குளறினாலும் பரவாயில்லை.

கடைசியாக உள்ளூர்ப் பக்கம். “பவானிசாகர் அணை நீர்மட்டம்” என்று வாசித்து, அச்சில் இல்லாத ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன். “அதாவது, நாம் குடிக்கிற தண்ணீர்.”

அவள் தலையைச் சாய்த்தாள். அந்தக் காலத்தில் காதுக் கருவியைச் சரிசெய்துகொள்ளும்போது அப்படித்தான் சாய்ப்பாள்.

“பவளம், ம் சரியா விழுந்துச்சா?”

“இன்னொருக்காச் சொல்லுங்க.”

“நாம்.”

“இன்னொருக்கா.”

“நாம்.”

“கேக்குதுங்க” என்றாள். “லைன் சுத்தமா இருக்குது. பேசுங்க.”